விகடகவியும் கணிப்பொறியும்

(பொம்மசந்திராவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் சிலம்பின் சுவையும் கம்பனின் கவிநயமும் பேசப்படுவதே மரபு. இவ்வாண்டு எமக்கு இடப்பட்ட பணி வேறு. எல்லார்க்கும் பொதுவாகிய மென்பொருள்களுக்குச் சோதனை எழுதுவதும் விளக்கம் எழுதுவதும் பற்றிப் பேசவேண்டும் என்றனர். கேட்டவுடன், கூட்டம் பாதியிலேயே காப்பி அருந்தக் கலைந்துவிடுமே என்று யாம் அஞ்சினோம். ஆயினும் மறுக்க இயலவில்லை. சென்ற ஆண்டு இதே மேடையில் நேர்ந்த ஒரு தலைகுனிவே அதற்குக் காரணம்.

எழுத்துக் கோவைப் போட்டி உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து அட்டைகளில் அச்சிட்டு, அவற்றைக் கலைத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, மீண்டும் சொல்லாகக் கோக்கச் சொல்லும் விளையாட்டு அது. சொற்களைப் பிரித்து அச்சிடுவதற்கு நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நிரல் எழுதித் தந்திருந்தார். பின்னர் அவர் வேலை மாறி வேற்றூர் சென்றுவிட்டார். விழாவுக்கு முதல் நாள் இரவு மற்றோர் இளைஞர், சொற்பட்டியலும் அகரவரிசையில் இருந்தால் அழகாக இருக்குமே என்று எண்ணி, அந்நிரலில் நான்கு வரிகளை மாற்றினார். வரிசை ஒருவாறு வந்தது. எழுத்துப் பிரிப்புக் கெட்டது. கெட்டதை யாரும் பார்க்கவில்லை. காலையில் உறைகளைத் திறந்தால், 'தமிழ்' என்னும் சொல்லுக்கு மூன்று அட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. த ஒன்று, ம ஒன்று, இகரக் கொக்கி தனியே ஒன்று, ழ ஒன்று, மெய்ப்புள்ளி தனியே ஒன்று. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி புள்ளி மட்டும் அச்சான அட்டையை உயர்த்திக் காட்டி, "மிஸ், இது என்ன எழுத்து?" என்று ஒலிபெருக்கியின் முன்னிலையிலேயே கேட்டாள். விடை கூற எவரும் இல்லை. போட்டி நிறுத்தப்பட்டது.

அந்த இளைஞரை யாம் குறை கூறமாட்டோம். இரவு பதினொரு மணிக்கு, சம்பளமில்லாத வேலையை விரும்பிச் செய்தவர் அவர். முதலில் எழுதியவரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் முன்னவர் இரண்டு பொருள்களை விட்டுச் செல்லவில்லை. தாம் எழுதியது சரியாக நடக்கிறதா என்று கணிப்பொறியே பார்த்துச் சொல்லும் சோதனை ஒன்று; இது இன்னதற்காக இவ்வாறு எழுதப்பட்டது என்று கூறும் விளக்கம் ஒன்று. இவ்விரண்டும் இல்லாமற் போனதன் விலையை அறுபது பிள்ளைகள் கொடுத்தார்கள். நம் கதை சிறியது. உலகில் இதே குறை பெரிய அளவிலும் நேர்ந்திருக்கிறது.

முதலில், பொது மென்பொருள் என்பது யாது? திறந்த மூலம் என்றும் கட்டற்ற மென்பொருள் என்றும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் கொள்கையளவில் வேற்றுமை உண்டு. அதை இன்று விரிக்க வேண்டியதில்லை. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இவை போன்றவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். நம் கைப்பேசிகளிற் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே லினக்ஸின் கருவே இயங்குகிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் ஏரி எப்படியோ அப்படி இது. ஏரி ஒருவர்க்குச் சொந்தமன்று. எல்லார் வயலுக்கும் அதுவே நீர். ஆண்டுதோறும் வீட்டுக்கு ஓராள் மண்வெட்டியோடு வந்து தூர் வாருவதும், கரை உயர்த்துவதும், மதகு பார்ப்பதும் குடிமராமத்து எனப்பட்டது. கிருட்டிணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்குக் குடியேறிய நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. புதிய மதகு கட்டுபவர் பெயர் கல்லில் பொறிக்கப்படும். தூர் வாரியவன் பெயர் எங்கும் இராது. மென்பொருள் உலகில் சோதனை எழுதுவதும் விளக்கம் எழுதுவதும் அந்தத் தூர் வாரும் வேலையே.

இதனை மெய்ப்பிக்க ஒரு கணக்கு உண்டு. 2017-இல் கிட்ஹப் நிறுவனம் திறந்த மூலப் பணியாளர்களிடையே ஓர் ஆய்வு நடத்தியது. விளக்கம் குறைபட்டிருப்பதையும் பழசாகிப் போயிருப்பதையும் தாம் கண்டதாக 93 விழுக்காட்டினர் கூறினர். பங்களிப்போருள்ளே, விளக்கம் எழுதும் பணியில் அரிதாகவே பங்கு கொள்கிறோம், அல்லது கொள்வதேயில்லை என்றவர் 60 விழுக்காட்டினர். ஏரி தூர்ந்து கிடக்கிறது என்று ஊரே சொல்கிறது. மண்வெட்டி எடுப்பவரைத்தான் காணோம்.

சோதனை என்றவுடன் தேர்வு மண்டபத்தை நினைத்துக் கலங்கவேண்டா. நம் வாசலிலேயே ஒரு சான்று நிற்கிறது. ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை ஓடும் மஞ்சள் வழி மெட்ரோவில் 2025 ஆகஸ்டு மாதம் முதல் நாம் ஏறிச் செல்கிறோம். ஏறத்தாழ 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். முதல் வண்டித் தொடர் வந்து சேர்ந்ததோ 2024 பிப்ரவரியில். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டும் சோதனைக்கே கழிந்தது என்று சொல்லமாட்டோம். மற்ற வண்டிகள் வருவதில் ஏற்பட்ட தாமதமும் அதில் உண்டு. ஆனால் ஆளில்லாத வண்டி நம் மாடிகளுக்கு எதிரே போவதும் வருவதுமாக இருந்த நாள்களை நாம் கண்டோம். "காலி வண்டியை எதற்கு ஓட்டுகிறார்கள்? அலுவலகம் போக நமக்கு வண்டியில்லை!" என்று பொரிந்தவர்களும் இவ்வவையில் இருக்கிறார்கள். யாமும் பொரிந்தோம். பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்துச் சான்று தந்த பின்னரே கதவு திறந்தது. இன்று குழந்தையைக் கையிற் பிடித்துக்கொண்டு அச்சமின்றி ஏறுகிறோம்.

மென்பொருட் சோதனையும் அத்தகையதே. ஒரே வேறுபாடு: மெட்ரோவுக்குச் சோதனை செய்ய ஆள் வேண்டும், நிரலுக்கு மற்றொரு நிரலே ஆளாகும். 'இந்தச் சொல்லைக் கொடு. இந்த விடை வரவேண்டும். வந்ததா பார்' என்று மூன்று வரிகளில் எழுதி வைத்துவிட்டால், நடுநிசியில் எவர் எதை மாற்றினாலும் கணிப்பொறி அதைத் தானே ஓட்டிப் பார்த்துப் பச்சை காட்டும், அல்லது சிவப்புக் காட்டும். சென்ற ஆண்டு அந்த இளைஞர்க்கு ஒரு சிவப்புத் தெரிந்திருந்தால் போதும். அச்சடிக்காமல் உறங்கப் போயிருப்பார். 1997-இல் கென்ட் பெக், எரிக் காமா என்னும் இருவர் விமானப் பயணத்தில் அருகருகே அமர்ந்து ஜேயூனிட் என்ற சோதனைக் கருவிக்கு வித்திட்டனர் என்பர். அதன் வழியில் இன்று ஒவ்வொரு நிரல்மொழிக்கும் ஒரு கருவி இருக்கிறது. இணையப் பக்கங்களை மனிதர் சொடுக்குவது போலவே சொடுக்கிப் பார்க்கும் செலினியம் என்ற கருவி 2004-இல் தோன்றியது. நம் எலெக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் அதை வைத்துக்கொண்டே வாழ்க்கை நடத்துவோர் இங்கேயே பலர் உளர்.

சோதனைக்கு எவ்வளவு உழைப்புத் தகும் என்று கேட்டால், எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தைக் காட்டுவோம். ஏறத்தாழ எல்லாக் கைப்பேசியிலும் அது இருக்கிறது. 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதன் மூல நிரல் சுமார் 1,56,000 வரி. அதனைச் சோதிப்பதற்காக எழுதப்பட்டவை அதைப்போல் 590 மடங்கு. ஒரு படி அரிசிக்கு 590 படி கல் பார்ப்பது போன்றது என்று சொன்னால் எம் இல்லத்தரசியார் சிரிக்கிறார். ஆனால் கல் கடிபடாமல் உண்கிறோம் அல்லவா?

மறுபக்கமும் காணவேண்டும். 2014 ஏப்ரலில் உலகம் 'ஹார்ட்பிளீட்' என்ற வழுவைக் கேட்டு நடுங்கியது. ஓபன்எஸ்எஸ்எல் என்பது இணையத்தில் மறைமொழி பேசுவதற்கு உதவும் பொது மென்பொருள். வங்கிகளும் கடைகளும் அதனை நம்பியிருந்தன. அதில் ஒரு வழக்கம்: ஒரு பொறி மற்றொன்றை நோக்கி, 'உயிரோடு இருக்கிறாயா? இருந்தால் இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல். இதற்கு இத்தனை எழுத்து' என்று கேட்கும். கேட்பவன் மூன்றெழுத்துச் சொல்லைக் கொடுத்து, 'இதற்கு அறுபதினாயிரம் எழுத்து' என்று பொய் சொன்னால்? விடையளிக்கும் பொறி அதையும் நம்பி, மூன்றெழுத்தைச் சொன்னபின் தன் நினைவில் அடுத்து எது கிடந்ததோ அதையெல்லாம், பிறர் கடவுச்சொல் உட்பட, எடுத்து நீட்டியது. சொன்ன அளவும் கொடுத்த அளவும் ஒக்குமா என்று ஒரு வரி பார்க்கவில்லை. பொய்யான அளவைக் கொடுத்துப் பார்க்கும் ஒரு சோதனை இருந்திருந்தால் இது முதல் நாளே வெளிப்பட்டிருக்கும். 2012 மார்ச்சு முதல் ஈராண்டு அது வெளிப்படாமல் உறங்கியது. உலகமே பயன்படுத்திய அம்மென்பொருளுக்கு அக்காலத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. எல்லார் வயலுக்கும் நீர் தந்த ஏரிக்கு ஒரே ஒரு மண்வெட்டி!

நம் அண்டை மொழிக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். 2018 பிப்ரவரியில் ஐஃபோன்களுக்கு ஒரு தெலுங்குக் கூட்டெழுத்தை அனுப்பினால், அதைக் காட்ட முயன்ற செயலி நின்றுபோயிற்று. அறிவைக் குறிக்கும் 'ஞானம்' என்ற சொல்லின் முதலெழுத்து அது. சில நாள்களில் திருத்தம் வெளியிட்டனர். அவ்வழு வெளியீட்டுக்கு முன் சோதனையில் அகப்படவில்லை. தெலுங்குக்கு நேர்ந்தது தமிழுக்கும் கன்னடத்துக்கும் நேராது என்று உறுதி கூறுவார் யார்? நம் மொழியை அறிந்தவர் சோதனை எழுதாவிடில், அறியாதவர் எழுதமாட்டார். எழுத இயலாது என்பதே உண்மை.

ஏன் இயலாது? இங்கேதான் விகடகவி வருகிறார்.

கணிப்பொறிக்குத் தமிழ் எழுத்து யூனிகோடு என்ற முறையில் தரப்பட்டிருக்கிறது. 1991-இல் வந்த அம்முறை தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனியிடம் இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் இடம். அதன்மேல் ஏறும் கொக்கிக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனி இடம். ஆகவே 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. பொறிக்கு ஐந்து குறி. சென்ற ஆண்டின் ஐந்து அட்டைகள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். 'விகடகவி' என்பதை எப்பக்கமிருந்து படித்தாலும் விகடகவியே என்று பாட்டி சொல்லித் தந்தார். பொறியிடம் திருப்பச் சொல்லுங்கள். குறிகுறியாகத் திருப்பி, தலையில் ஒரு அநாதைக் கொக்கியை வைத்து, 'இது இருவழி ஒக்கும் சொல் அன்று' என்று தீர்ப்பளிக்கும்!

அகரவரிசை இதனினும் வேடிக்கை. அணில், அவல், அழகு, அறம், அன்பு. இதுவே நம் அகராதி முறை. ஒன்றும் சொல்லாமல் பொறியிடம் விட்டால் அணில், அன்பு, அறம், அழகு, அவல் என்று, அணிலை மட்டும் விட்டுவிட்டு ஏனைய நான்கையும் தலைகீழாக அடுக்கும். ன, ற, ள, ழ, வ என்னும் எழுத்துகளுக்கு யூனிகோடு தந்த வரிசை நம் நெடுங்கணக்கின் வரிசை அன்று. அகராதியில் 'பக்கம்' முன்னும் 'பகல்' பின்னும் வரும்; பொறிக்குப் பகலே முன். 'கொ' என்பதற்கு இரண்டு வழி உண்டு: ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பொறிக்கு இரண்டும் வெவ்வேறு. நம் வகுப்புப் பட்டியலில் 'கொடி' என்ற சொல் இரண்டு முறை இருந்தது. யாம் இரண்டு திங்கள் அதைப் பார்த்துப் பார்த்து, ஏன் இருமுறை வருகிறது என்று அறியாமல் இருந்தோம்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். தமிழ் அன்பர் பலர் முன்பே பாடுபட்டிருக்கிறார்கள். முத்தையா அண்ணாமலை அவர்கள் தமிழிலேயே நிரல் எழுதுவதற்கு 'எழில்' என்ற மொழியை ஆக்கினார். அதனின்று கிளைத்ததே 'ஓபன்-தமிழ்' என்னும் பொது நிரற்றொகுப்பு. எழுத்துப் பிரித்தல், எண்ணுதல், வரிசைப்படுத்தல் முதலியவற்றை அது செய்து தரும். அதன் களஞ்சியத்தில் சோதனைகளுக்கென்றே தனி அடைவு இருக்கிறது. தமிழ் இலக்கணம் அங்கே நிரலாக அமர்ந்திருப்பதைக் காணலாம். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தை முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து நடத்தினார். உலகெங்குமுள்ள தன்னார்வத் தமிழர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டும் பிழை திருத்தியும் இலவசமாக வழங்கினர். 2012-இல் தோன்றிய 'கணியம்' மின்னிதழ், பொது மென்பொருள் நுட்பங்களை எளிய தமிழில் எழுதி வெளியிட்டது. இவர்களுள் எவரும் இதற்கென ஒரு மாளிகை கட்டிக்கொண்டு தொடங்கவில்லை. அலுவலகம் முடிந்து வந்து, உண்டு, குழந்தைகள் உறங்கிய பின் செய்த வேலை இது.

இனி நம் கதைக்குத் திரும்புவோம். போட்டி நின்ற மறு ஞாயிறு, நம் வகுப்பின் தமிழாசிரியை அம்மையார் ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டோடு வந்தார். சேலத்துப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்று, மகனுடன் இங்கு வந்து தங்கியிருப்பவர். கணிப்பொறியைத் தொட்டதில்லை. இளைஞர்களை அழைத்து, "தம்பி, நீங்கள் பொறியிடம் என்ன கேட்பீர்களோ எனக்குத் தெரியாது. என்ன விடை வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும்," என்றார். ஏட்டின் இடப்பக்கம் ஒரு சொல். வலப்பக்கம் அதன் எழுத்துகள், எண்ணிக்கை. அஃது என்பதற்கு மூன்று. கௌதாரி என்பதற்கும் மூன்று. கௌதாரியில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதும் பிழைக்கு ஒரு தனி வரி; அருகே சிவப்பு மையில் 'பிழை, ஏற்காதே' என்று குறிப்பு. இவ்வாறு 312 சொற்கள்.

இளைஞர்கள் வியந்து நின்றார்கள். "டீச்சரம்மா, அலுவலகத்தில் இதைத்தான் டெஸ்ட் கேஸ் என்று எழுதுகிறோம். நீங்கள் கையாலேயே எழுதிவிட்டீர்கள்!" என்றார் ஒருவர். அம்மையார் அதற்கு, "முப்பது வருடம் வினாத்தாளும் விடைக்குறிப்பும் எழுதினேன். வேறென்ன செய்தேன்?" என்றார். மூன்று ஞாயிறுகளில் அவ்வேடு சோதனையாயிற்று. முதன்முறை ஓட்டியபோது 312-இல் 97 சிவப்பு. எமக்கு மனம் தளர்ந்தது. இளைஞர்களோ மகிழ்ந்தார்கள். "தொண்ணூற்றேழு வழு மேடையில் தெரிவதைவிட இங்கே தெரிவது நல்லது," என்றார்கள். ஒவ்வொன்றாகத் திருத்தினர். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும். கெட்டது உடனே சிவப்பாகத் தெரியும். அதுவே சோதனையின் பெரும்பயன் என்று யாம் அன்று உணர்ந்தோம்.

ஒரு வழக்கும் எழுந்தது. 'க்ஷ' என்பது ஓரெழுத்தா, இரண்டா? அம்மையார் ஒன்று என்றார். வடமொழி கற்ற பெரியவர் ஒருவர் இரண்டு மெய்களின் கூட்டு என்றார். தேநீர் ஆறும் வரை வாதம் நடந்தது. நிரல் மட்டுமே இருந்திருந்தால் இவ்வினா எழுந்தே இராது. எழுதுகிறவர் அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஏதோ ஒன்றை எழுதிச் சென்றிருப்பார். சோதனையோ, 'எது சரி?' என்று முடிவு கேட்கிறது. பள்ளி அரிச்சுவடியை ஒட்டி ஒன்று என்றே முடிவு செய்து, காரணத்தையும் எழுதி வைத்தோம். பெரியவரின் மறுப்பையும் கீழே எழுதினோம். நாளை மாற்ற விரும்புவோர் அதைப் படித்துவிட்டு மாற்றட்டும்.

இங்கே விளக்கம் என்னும் இரண்டாம் பகுதி வந்துவிட்டது. ஒரு பொது மென்பொருளைத் திறந்தால் முதலில் கண்ணிற்படும் ஏட்டுக்கு 'ரீட்மீ' என்று பெயர்; 'என்னைப் படி' என்பது பொருள். இது புதுமை என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர் பாயிரத்துக்கு இலக்கணம் வகுத்தபோது இதைத்தானே சொன்னார்? நூலை ஆக்கியவர் யார், எந்த முன்னூலின் வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, பெயர் என்ன, எவ்வாறு தொகுக்கப்பட்டது, எதைப்பற்றியது, யாருக்கு உரியது, என்ன பயன் என்னும் எட்டும் அங்கு வேண்டும் என்றார். இன்றைய ரீட்மீ ஏடுகளுள் இவ்வெட்டும் நிறைந்தவற்றை விரல்விட்டு எண்ணலாம். பாயிரம் இல்லாத நூலை அவர் நூலென்றே ஒப்பமாட்டார். தொல்காப்பியமும் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்று என்பது அதன் சிறப்புப் பாயிரம் தரும் செய்தி. அரங்கேற்றம் என்பதே ஒருவகைச் சோதனை அன்றோ?

தாய்மார்களுக்கு இதனினும் அணுக்கமான சான்று உண்டு. 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் அவர்கள் 'சமைத்துப் பார்' என்ற நூலை வெளியிட்டார். அதற்கு முன் நம் வீடுகளில் அளவு என்பது கண்ணளவும் கைப்பிடியுமே. அருகிலிருந்து பார்த்தவர்க்கு அது போதும். மணமாகித் தொலைவூர் சென்ற பெண்ணுக்குக் கையளவு எப்படித் தெரியும்? தாயின் கை அஞ்சலில் வாராது! எழுதி வைத்த அளவு வரும். அந்நூல் எத்தனையோ பெண்களுடன் கடல் கடந்து சென்றிருக்கிறது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மனோர்க்கு விளக்கம் எழுதுவதன் அருமையை வேறொருவர் சொல்லவேண்டியதில்லை. நிரல் எழுதியவர் வேற்றூர் சென்றபோது, அவர் கையளவும் அவரோடு சென்றுவிட்டது.

ஆனால் விளக்கம் பழசாகும். நிரல் மாறியிருக்கும், ஏடு மாறியிராது. பொய்யான வழிகாட்டிப் பலகை, பலகையே இல்லாமையினும் கொடிது. இதற்கு ஒரு நல்ல உபாயம் கண்டிருக்கிறார்கள். பைத்தான் மொழியில் 'டாக்டெஸ்ட்' என்றொரு கருவி உண்டு. விளக்கத்துக்குள்ளே நாம் எழுதிய எடுத்துக்காட்டுகளையே அது சோதனையாக ஓட்டிப் பார்க்கும். ஏட்டில் 'இதைக் கொடுத்தால் மூன்று வரும்' என்று எழுதியிருந்து, நிரல் ஐந்து தந்தால், ஏடே சிவப்பாகும். நம் வகுப்பு நிரலின் விளக்கத்தை இம்முறையிலேயே தமிழில் எழுதினோம். 'விகடகவி' அதில் முதல் எடுத்துக்காட்டு.

பிறகு, எம் திருத்தங்களுள் சிலவற்றை வெளியே ஒரு பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினோம். முதன்முறை ஏற்கவில்லை. கோபம் வந்தது, இளைஞர் ஒருவர் நெடிய மறுமொழி ஒன்றும் எழுதிவிட்டார். நல்லவேளை, அனுப்பவில்லை. காரணத்தைப் பொறுமையாகப் படித்தால், குற்றம் எம்முடையதே. இருபது திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பியிருந்தோம். எது எதற்கு என்று ஒரு குறிப்பும் இல்லை. பங்களிப்போர்க்கான வழிகாட்டி ஏடு ஒன்று அங்கே இருந்தது. அதையும் நாம் படிக்கவில்லை. விளக்கம் எழுதவேண்டும் என்று ஊருக்கு உரைப்பவர்களே, எழுதியிருந்த விளக்கத்தைப் படிக்காமல் சென்றோம்! பின்னர் ஒன்று ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் தோற்கும் சோதனை ஒன்றும் அதை வெல்லும் திருத்தம் ஒன்றுமாக அனுப்பினோம். நான்கு ஏற்கப்பட்டன. அவற்றுள் ஒன்று அம்மையாரின் கௌதாரி.

எதிர் வீட்டுக் கன்னட நண்பர் இதைக் கண்டு, தம் மகளைக் கொண்டு கன்னட ஒத்தெழுத்துகளுக்கு இதே அமைப்பில் ஓர் ஏடு தயாரிக்கச் செய்திருக்கிறார். சொற்கள் அவருடையவை, சோதிக்கும் சட்டகம் நம்முடையது. பொதுப் பொருளின் இயல்பு அது. இந்த மண்ணில் இருந்துகொண்டு அம்மொழிக்கும் சிறிது பயன்பட்டோம் என்ற மகிழ்ச்சி எமக்கு உண்டு.

இளைஞர்கள் சிலர், "அலுவலகத்தில் பகலெல்லாம் டெஸ்ட் எழுதுகிறோம், வீட்டிலுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர்களிடம் யாம் கேட்பது திங்களுக்கு ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம். வேலை தேடும் பிள்ளைகளுக்கு இதில் ஊதியமும் மறைமுகமாக உண்டு: அலுவலகத்தில் எழுதியதை வெளியே காட்ட இயலாது, பொதுக் களஞ்சியத்தில் எழுதியதை உலகமே பார்க்கும். பெரியோர்களிடமும் தாய்மார்களிடமும் யாம் கேட்பது நிரல் அன்று. சொற்கள். நெல்லைச் சொல், கொங்குச் சொல், நீங்கள் மட்டும் அறிந்த உறவுப் பெயர், உணவுப் பெயர். எப்படி எழுதுவது, எத்தனை எழுத்து, எது பிழை என்று வலப்பக்கம் எழுதித் தாருங்கள்.

இன்று மாலை எழுத்துக் கோவைப் போட்டி மீண்டும் நடக்கிறது. நேற்று இரவு அட்டைகளை அச்சிடுவதற்கு முன் சோதனையை ஓட்டினோம், முழுவதும் பச்சை. ஆயினும் அம்மையார் ஒவ்வோர் உறையையும் தம் கையால் திறந்து பார்த்துவிட்டே ஒட்டினார். அவருடைய ஏட்டில் இன்னும் 41 சொற்கள் பொறியில் ஏறாமல் இருக்கின்றன. ஏடு சங்க நூலகத்து இரண்டாம் அலமாரியில், அகராதிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வரும் ஞாயிறு வகுப்பு முடிந்தபின் நான்கு மணிக்கு அங்கே கூடுகிறோம். கணிப்பொறி வைத்திருப்போர் அதைக் கொண்டு வாருங்கள். இல்லாதோர் பேனா கொண்டு வாருங்கள். தேநீர் சங்கத்தின் செலவு.